பெயர் மறக்கிறது, பாடம் மறக்கவில்லை

(கள்ளக்குறிச்சி மாவட்ட ஆசிரியர்களிடையே பெண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சமவெளிப் பள்ளிகளிலிருந்தும் கல்வராயன் மலைப் பள்ளிகளிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். இன்று பேசப்போவது பெண்களின் உடல்நிலை பற்றி. ஆண் ஆசிரியர்கள் இது நமக்கில்லை என்று எழுந்துவிட வேண்டாம். உடன் பணியாற்றும் ஆசிரியைக்கும், வீட்டில் மனைவிக்கும் அக்காவுக்கும் நடப்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நாற்பத்தைந்து வயதை ஒட்டிய ஆசிரியைகள் பலர் சொல்லும் குறை இது. தினமும் பார்க்கும் பிள்ளையின் பெயர் வாய்க்கு வருவதில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் என்ன எழுத வந்தோம் என்பது நழுவிவிடுகிறது. எமிஸ் பதிவைச் சரியாகத்தான் முடித்தோமா என்று மறுபடி திறந்து பார்க்கிறார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, 'இது மறதி நோயின் தொடக்கமா?' என்று கேட்கிறார்கள். இந்தப் பயத்திலேயே பதவி உயர்வுக் கலந்தாய்வில் உரிமைவிடல் எழுதிக் கொடுக்க நினைப்பவர்களும் உண்டு. அந்த முடிவை எடுப்பதற்கு முன் நடப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் அது நின்றுவிட்டது என்கிறோம். மேலை நாடுகளில் இதன் சராசரி வயது 51. நம் நாட்டில் 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. அதாவது, பணியில் பொறுப்பு கூடும் அதே வயதில். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு ஏறி இறங்கி, பிறகு குறைகிறது. இந்த ஹார்மோனின் வேலை கர்ப்பப்பையோடு முடிவதில்லை. நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ், கவனத்தையும் திட்டமிடலையும் நடத்தும் முன்மூளை ஆகியவற்றிலும் அது வேலை செய்கிறது. அதனால்தான் பெயர்களும் சொற்களும் தடுமாறுகின்றன. ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பது சிரமமாகிறது. இதைத்தான் 'பிரெயின் ஃபாக்', மூளை மூட்டம் என்கிறார்கள். மார்கழிக் காலையில் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குப் பேருந்தில் ஏறுகிறவர்களுக்கு மூட்டம் என்றால் என்னவென்று தெரியும். பாதை அங்கேயேதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான்.

இது வெறும் ஆறுதல் அல்ல. அமெரிக்காவில் 'ஸ்வான்' என்ற நீண்டகால ஆய்வு 1996 முதல் நடுவயதுப் பெண்களைத் தொடர்ந்து வந்தது. அதில் 2,362 பெண்களுக்கு நான்கு ஆண்டுகள் நினைவுச் சோதனைகள் வைத்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே தேர்வைத் திரும்ப எழுதினால் பழக்கத்தால் மதிப்பெண் கூடும் என்பது நமக்குத் தெரியும். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய மாறுதல் காலத்தில் அந்தக் கூடுதல் சரியாகக் கிடைக்கவில்லை. நின்ற பிறகு, மறுபடி கூடத் தொடங்கியது. ஆகவே இது பெரும்பாலும் கடந்துபோகும் கட்டம். மறதி நோய் இந்த வயதில் அரிது.

ஆனால் 'வயசுக்கோளாறு' என்று சும்மா இருந்துவிடவும் கூடாது. மூட்டத்தைக் கூட்டும் காரணங்கள் பல, சரிசெய்யக் கூடியவை. முதலாவது தூக்கம். இரவில் திடீரென உடல் கொதித்து, வியர்த்து, நாலு முறை எழுந்தவர் விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து மலையேறினால் மறதி வராமல் என்ன செய்யும்? இரண்டாவது இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு அது இருந்தது. இந்த வயதில் அதிக இரத்தப்போக்கும் சேர்ந்தால் இன்னும் மோசமாகும். மூன்றாவதாகத் தைராய்டு, சர்க்கரை, பி12 குறைபாடு, மனச்சோர்வு. எல்லாவற்றையும் பரிசோதித்துக் கண்டறியலாம். கர்ப்பப்பையை எடுத்தவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்திருந்தால் ஹார்மோன் ஒரே நாளில் நின்றுவிடும். தொல்லையும் கடுமையாக இருக்கும்.

உடல் கொதிப்பு தாங்க முடியாதவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை உண்டு. யாருக்குப் பொருந்தும் என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நினைவாற்றலுக்காக மட்டும் அதைத் தருவதில்லை. விளம்பரம் பார்த்து ஞாபகசக்தி மருந்து வாங்க வேண்டாம். தினமும் அரைமணி நடை, மாலைக்குப் பிறகு காபி, டீ இல்லாமை, ஒழுங்கான தூக்கம் ஆகியவை உதவும்.

சிலவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. பழகிய வழி தெரியாமல் போவது, தெரிந்த வேலையைச் செய்யத் தெரியாமல் விழிப்பது, நின்ற மாதவிடாய் ஓராண்டுக்குப் பின் மறுபடி வருவது ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று பேச்சு குழறினால் உடனே 108ஐ அழையுங்கள்.

மலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகளின் தாய்மாரும் பாட்டிமாரும் இதே வயதில்தான் மரவள்ளிக் காட்டில் வேலை செய்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத் தேதியை ஒரு தாய் மறந்தால், அக்கறையில்லை என்று எழுதிவிடாதீர்கள். 'தூக்கம் வருகிறதா அம்மா?' என்று கேளுங்கள். கிராமச் செவிலியரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தலைமையாசிரியர்களே, உங்களால் செலவில்லாமல் செய்ய முடிந்தவை மூன்று. நடைபாதையில் வாய்மொழியாகச் சொல்லும் வேலையை எழுதிக் கொடுங்கள். ஆசிரியர் அறைப் பலகையில் இறுதித் தேதிகளை எழுதி வையுங்கள். தண்ணீரோடு கூடிய கழிப்பறை ஆசிரியைகளுக்கு எப்போதும் திறந்திருக்கட்டும். 'வயசாயிடுச்சு டீச்சர்' என்ற கேலியை மட்டும் யாரும் செய்ய வேண்டாம்.

சகோதரிகளே, குறிப்பேடு வைத்துக்கொள்வது அவமானம் அல்ல. பாடக்குறிப்பு எழுதி வளர்ந்தவர்கள்தானே நாம். இருபது ஆண்டுகள் கற்பித்த பாடம் உங்களுக்குள் அப்படியே இருக்கிறது. இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள், நன்றாகத் தூங்கிப் பாருங்கள். உரிமைவிடல் படிவத்தைப் பற்றி அதன்பின் யோசிக்கலாம்.