துடைத்த கூடத்தில் படுத்த நாள்



திருப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்திரண்டு ஆண்டுகள் துப்புரவுப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். நாள்தோறும் நான் துடைத்த அதே கூடத்தில், சென்ற ஆண்டு நோயாளியாய்ப் படுத்தேன். செவிலியர் அடையாளம் கண்டு அன்போடு கைபிடித்தனர். ஆயினும் முன்பணம் கேட்டனர், என்னிடம் இல்லை. மறுநாளே வீடு திரும்பினேன்.

நம் சங்கத்தின் இரவுப் பாடசாலையில் பயின்ற என் பேத்தி, தகரப் பெட்டியில் கிடந்த பழைய சம்பளச் சீட்டை எடுத்துப் படித்தாள். அதில் ஈ.எஸ்.ஐ. எண் இருந்தது. மாதந்தோறும் பிடித்த அப்பணம் வேலையோடு போயிற்று என்றே எண்ணியிருந்தேன். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்து, 1955இல் கோவைக்கு வந்த திட்டம் அது. ஐந்தாண்டுகளேனும் காப்பீட்டில் இருந்து, வயது நிறைந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் தம் துணைக்கும் மருத்துவம் பெற அதில் விதி இருந்தது. அவளே விசாரித்தாள்; அவளே விண்ணப்பம் எழுதினாள். சிகிச்சை பெற்றேன், இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

கைநாட்டு வைத்து வாங்கிய சீட்டுகளில் பலவற்றை அடுப்பில் இட்டவள் நான். தப்பியது அந்த ஒன்றே.

பனியன் கம்பெனிகளில் உழைக்கும் என் பிள்ளைகளே! சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், அதில் உள்ளதைப் படித்தறியுங்கள். உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அதைப் படிக்க வீட்டில் ஒருவர் வேண்டும். என் வீட்டிற்கு அந்த ஒருவரைத் தந்தது இச்சங்கம்.