நடேசய்யரும் நமது வாக்காளர் இடாப்பும்

(மீள்குடியேறும் தோட்டக் குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மண்சரிவுக்குப் பிறகு பாடசாலைக் கட்டிடத்திலும் சொந்தக்காரர் வீட்டிலும் இருந்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பியிருக்கிறீர்கள். கூரைத் தகரம், தண்ணீர் பற்றி மற்றவர்கள் பேசிவிட்டார்கள். நான் பேசப்போவது கோ. நடேசய்யரைப் பற்றி.

அவர் தஞ்சாவூர்க்காரர். 1920ஆம் ஆண்டளவில் கொழும்புக்கு வந்து பத்திரிகை நடத்தினார். அந்தக் காலத்தில் துரையின் அனுமதியில்லாமல் வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்குத்தான். ஐயர் என்ன செய்தார்? புடவை வியாபாரி மாதிரி மூட்டையோடு லயத்துக்குப் போனார். சனங்களின் கஷ்டத்தை நேரில் பார்த்து எழுதினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் தானே கட்டிய பாட்டுகளைப் பாடுவார். பத்திரிகை வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் அதனால் விஷயம் போய்ச் சேர்ந்தது.

1925இல் ஐயர் சட்டநிரூபண சபைக்குப் போனார். அப்போது வாக்கு கொஞ்சப் பேருக்குத்தான். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. ஆனால் தோட்டத்து ஆட்கள் இங்கேயே நிலையாக வாழ்கிறவர்கள் என்று காட்டித்தான் இடாப்பில் பெயர் சேர்க்க வேண்டியிருந்தது. அப்படிச் சேர்ந்தவர்களின் வாக்கில்தான் 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து ஐயர் அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவருடைய பேச்சுத் திறமையைப் பெரிதாகச் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த இடாப்பு.

1947 பாராளுமன்றத்தில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் உறுப்பினர்கள் 7 பேர் இருந்தார்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருடம் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. 1952 தேர்தலில் அந்த 7 பேரில் ஒருவருக்கும் இடமில்லை. அதே மலை, அதே வேலை, அதே சனம். இடாப்பில்தான் பெயர் இல்லை. 2003இல் வந்த 35ஆம் இலக்கச் சட்டம் வரை நாடற்றவர்களாகவே இருந்தவர்களும் உண்டு. என் பாட்டி முதன்முதலாக வாக்களித்தபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வாக்குச்சீட்டைப் பெட்டியில் போடாமல் கையில் பிடித்தபடி வெளியே வந்துவிட்டார்!

ஹட்டனில் நம்மவர்கள் நெருங்கி வாழ்கிறார்கள். இரத்தினபுரி, கேகாலையில் அப்படியில்லை; இறப்பர்த் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. இங்கே பத்துப் பெயர் விடுபட்டாலும் கணக்குத்தான். 2012 மாகாண சபைத் தேர்தலில் மலையகக் கட்சிகள் சேவல் சின்னத்தில் சேர்ந்து நின்றபோது, சப்ரகமுவவின் 44 இடங்களில் 2 கிடைத்தன. எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்டு நான் வரவில்லை. இடாப்பைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன்.

இடாப்பை வருடா வருடம் திருத்துவார்கள். நீங்கள் வெளியே இருந்த காலத்தில் பெயர் விடுபட்டிருக்கலாம். புதிய வீட்டுத்திட்டத்துக்குப் போகிறவர்களுக்குக் கிராம உத்தியோகத்தர் பிரிவே மாறியிருக்கலாம். ஆகவே கிராம உத்தியோகத்தரை நேரில் கண்டு, வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரையும் கேட்டுப் பாருங்கள். 18 வயதான பிள்ளையையும் கலியாணமாகி வந்த மருமகளையும்தான் அதிகம் மறந்துவிடுகிறோம். அடையாள அட்டை மண்ணோடு போயிருந்தால் முதலில் பொலிஸில் முறைப்பாடு செய்து பிரதியை வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழோடு அதையும் கிராம உத்தியோகத்தரிடம் கொண்டுபோங்கள்.

வாசலில் உள்ள மேசையில் எங்கள் தங்கச்சிமார் இரண்டு பேர் இருக்கிறார்கள். போகும்போது அவர்களிடம் அடையாள அட்டை இலக்கத்தைச் சொல்லுங்கள். பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள்.