வீட்டுக்குக் காவலா, தெருவுக்குக் கவலையா?

 

குடும்ப நலக் கூட்டம் என்றால் கர்ப்பிணிகளுக்குச் சத்து மாத்திரை, குழந்தைக்குத் தடுப்பூசி, இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி என்றுதான் வழக்கமாகப் பேசுவோம். இன்றைக்கு நாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "நாய்க்கும் குடும்ப நலத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று பின்னால் யாரோ சிரிப்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது. பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளையை ஒரே ஒரு நாய்க்கடியில் பறிகொடுத்த வீடுகள் நம் நாட்டில் இருக்கின்றன. பிள்ளைக்கு எல்லாத் தடுப்பூசியும் போட்டிருப்பார்கள். நாய்க்குப் போட வேண்டிய ஒரு ஊசியை யாரோ போடாமல் விட்டிருப்பார்கள். இது குடும்ப நலம் இல்லாமல் வேறென்ன?

நாய் வளர்க்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஆட்டுப்பட்டிக்கும், களத்துமேட்டுக்கும், தோட்டத்து வீட்டுக்கும் நாயைப் போலக் காவல் கிடையாது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று பேர் சொல்லிப் பெருமைப்படும் நாய்கள் நம் சீமையிலேயே உண்டு. சாதாரண நாட்டு நாயும் இவற்றுக்குக் குறைந்ததல்ல. சம்பளம் கேட்காத காவல்காரன் அது. ஆனால் நல்ல நாய், பொல்லாத நாய் என்று நாம் பேசுவதில் பாதிக்கு மேல் நாயின் குறை இல்லை, வளர்க்கிறவரின் குறை. அதை ஒரு கதையாகவே சொல்கிறேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். எல்லா ஊரிலும் இருக்கிற தெருதான்.

ஒரு தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். முதல் வீட்டுக்காரர் ஆசையாக ஒரு குட்டியைத் தூக்கி வந்தார். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குட்டி வளர்ந்தது. பகலெல்லாம் வெயிலில் ஒரு முழக் கயிற்றில் கிடக்கும். தண்ணீர் சட்டி காய்ந்திருக்கும். ராத்திரியானால் அவிழ்த்து விடுவார்கள். "அவுத்து விட்டாத்தானே காவல்?" என்பார் வீட்டுக்காரர். பகல் முழுக்கக் கட்டிக் கிடந்த நாய்க்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? விடியற்காலையில் பால் ஊற்றப் போகிறவரின் சைக்கிளைத் துரத்தும். கோலம் போட்ட வாசலை அசிங்கம் செய்யும். அடுத்த வீட்டுக் கோழிக்குஞ்சைக் கவ்வும். யாராவது வந்து கேட்டால், "அது ஒண்ணும் செய்யாதுங்க, நீங்கதான் சும்மா பயப்படுறீங்க" என்று பதில்.

ஒன்றும் செய்யாதுதான். யாரை? சோறு போடுகிற உங்களை. தெருவில் போகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளையை அதற்கு என்ன தெரியும்? இந்த ஒரு வார்த்தையால்தான் ஊரில் பாதிச் சண்டை வருகிறது.

ஒரு நாள் இருட்டும் நேரம். அடுத்த வீட்டுப் பெண் குழந்தை, ஆறு வயது, கடைக்குப் போய் வெல்லம் வாங்கிக்கொண்டு வந்தது. நாய் சும்மா இருந்த பிள்ளையின் கெண்டைக்காலில் பாய்ந்து கடித்துவிட்டு ஓடியது. இரண்டு பல் பட்ட இடம், கொஞ்சம் ரத்தம். குழந்தை அழவில்லை. பாவாடையை இழுத்து விட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டது. ஏன் சொல்லவில்லை? "நீ ஏன் அந்தப் பக்கம் போனே?" என்று அப்பா அடிப்பாரே என்ற பயம்.

ஆனால் ஒருத்தி பார்த்துவிட்டாள். நாய் வளர்க்கிற வீட்டுக்காரரின் மனைவி. உள்ளே போய் கணவரிடம் சொன்னாள். அவர், "சும்மா இரு. நாமளே போய்ச் சொன்னா சண்டைக்கு வருவாங்க, செலவுக்குப் பணம் கேப்பாங்க. சின்னக் கீறல்தானே, ஆறிடும்" என்றார். அவள் அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். சோறு வேகவில்லை, மனசுதான் வெந்தது. போன மாதம் கண்மாய்க்கரையில் ஏதோ ஒரு நாயோடு இந்த நாய் கடிபட்டு வந்தது அவளுக்கு நினைவு இருந்தது. ஊசி ஒன்றும் போடவில்லை என்பதும் தெரியும். எழுந்தாள். அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அக்கா, எங்க நாய் உங்க பாப்பாவைக் கடிச்சிருச்சு. பாப்பா பயந்துக்கிட்டுச் சொல்லலை. நாங்க நாய்க்கு ஊசி போடலை. என்னை எவ்வளவு வேணா திட்டுங்க. முதல்ல காலைக் கழுவுங்க."

அவர்கள் திட்டினார்கள்தான். ஆனால் கழுவினார்கள். சோப்பு போட்டு, கொட்டுகிற தண்ணீரில், கால் மணி நேரம். அன்று ராத்திரியே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். காயத்தைச் சுற்றி ஒரு மருந்தும், கையில் தடுப்பூசியும் போட்டார்கள். நாய்க்காரர் மறுநாள் தலையைக் குனிந்துகொண்டு நாயைக் கொட்டகையில் கட்டினார். நாலாம் நாள் அது சோறு தின்னவில்லை. எச்சில் ஒழுகியது, குரல் மாறியது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, கிட்டே யாரும் போகாதீர்கள் என்றார். இரண்டு நாளில் செத்தது. அது வெறி பிடித்த நாய்.

அந்தப் பெண் அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்? காயம் ஆறியிருக்கும். எல்லோரும் மறந்திருப்பார்கள். ஒரு மாதமோ மூன்று மாதமோ கழித்துக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்திருக்கும், தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுத்திருக்கும். அதற்குப் பிறகு எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாலும் காப்பாற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம்.

இந்த நோய்க்கு ரேபிஸ் என்று பெயர். இதன் கிருமி வெறி பிடித்த பிராணியின் எச்சிலில் இருக்கிறது. கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மெதுவாக மூளைக்குப் போகிறது. பெரும்பாலும் 1 மாதம் முதல் 3 மாதம் ஆகும். சிலருக்குச் சில நாளிலேயே வரும், சிலருக்கு ஒரு வருஷம் கழித்தும் வரும். கிருமி மூளைக்குப் போகுமுன் தடுப்பூசி முந்திக்கொள்ள வேண்டும். மனிதருக்கு இந்த நோய் வருவதில் 100-க்கு 99 நாயால்தான். சந்தேகமான பிராணிகளிடம் கடிபடுகிறவர்களில் 100-க்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே பெற்றோர்களே, "நாய் கடித்தால், நகம் பட்டால், புண்ணில் நக்கினால் உடனே சொல்லு, அடிக்க மாட்டேன்" என்று பிள்ளைகளிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள். உங்கள் கோபத்துக்குப் பயந்து பிள்ளை மறைத்துவிடக் கூடாது.

கடித்தால் செய்ய வேண்டியது என்ன? காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், பச்சிலை எதையும் வைக்காதீர்கள். இறுக்கிக் கட்டாதீர்கள். மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். நேரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு ஆஸ்பத்திரிக்கோ போங்கள். ரத்தம் வந்த கடியானால் தடுப்பூசியோடு காயத்திலும் ஒரு மருந்து போடுவார்கள். அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

"ஐயையோ, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசியா?" என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பழைய கதை. அந்த மருந்தை நம் நாட்டில் 2004-ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது கையில் தோலுக்குள் போடும் சின்ன ஊசி. தொடங்கும் நாள் ஒரு முறை, அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள்களில் மறுபடியும். தசையில் போடும் முறையானால் 14-ஆம் நாளும் ஒன்று உண்டு. சீட்டில் எழுதிய தேதி தவறக் கூடாது. நாற்று நடவு, திருவிழா என்று நடுவில் நிறுத்துவது ஆபத்து. கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும், கைக்குழந்தைகளும் இந்த ஊசியைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். "வயித்துல பிள்ளை இருக்கு" என்று தள்ளிப் போட்டால் போவது இரண்டு உயிர்.

கடித்த நாயை அடித்துக் கொல்ல வேண்டாம். கட்டி வைத்து 10 நாள் கவனியுங்கள். ஆனால் அந்த 10 நாளும் ஊசி போடாமல் காத்திருக்கக் கூடாது. ஊசியை அன்றே தொடங்குங்கள். நாயின் நிலையை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி அதே தெருவில் மூன்றாவது ஒரு வீடு. அங்கேயும் நாய் இருக்கிறது. ஆனால் குட்டி வருமுன் கணவனும் மனைவியும் பேசினார்கள். யார் சோறு வைப்பது, யார் ஊசிக்குக் கொண்டு போவது, ஊருக்குப் போனால் யார் பார்ப்பது என்று முடிவு செய்த பிறகுதான் குட்டி வந்தது. மூன்று மாதத்தில் கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டார்கள். மருத்துவர் சொன்ன தேதியில் மறு ஊசி, பிறகு வருஷம் தவறாமல் ஒன்று. அந்த அட்டை, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையோடு ஒரே டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. நீளமான சங்கிலி, நிழல், எப்போதும் தண்ணீர். காலையும் மாலையும் கையில் பிடித்து நடத்திக் கூட்டிப் போகிறார்கள். வெளியே அசிங்கம் செய்தால் மண்வெட்டியால் அள்ளிக் குழியில் போட்டு மூடுகிறார்கள். ஆடு அறுக்கிற இடத்துப் பச்சை ஈரலையும் குடலையும் நாய்க்குப் போடுவதில்லை. அதனால் நாய்க்கு வரும் ஒரு வகை நாடாப்புழுவின் முட்டை, பிள்ளைகளின் கை வழியாக வயிற்றுக்குள் போய் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி உண்டாக்கும். ஆகவே நாய்க்குப் பூச்சி மருந்தும் உண்டு, நாயைத் தொட்ட பிள்ளைக்குக் கை கழுவுவதும் உண்டு.

அந்த வீட்டு நாய் பெட்டை. அதற்குக் கர்ப்பத்தடை அறுவை செய்துவிட்டார்கள். அளவான குடும்பம் என்று மனிதருக்குச் சொல்கிற நாங்கள் நாய்க்கும் சொல்ல வேண்டியிருக்கிறது, சிரிக்காதீர்கள். ஒரு பெட்டை நாய் சுமார் 63 நாளில் குட்டி போடும். ஒரு ஈற்றுக்கு நாலு, ஐந்து, ஆறு. வருஷத்தில் இரண்டு முறைகூட ஈனலாம். எல்லாவற்றையும் யார் வளர்ப்பது? சாக்கில் கட்டிப் பஸ் நிற்கும் இடத்திலோ கண்மாய்க்கரையிலோ விட்டுவிட்டு வருகிறோம். பிறகு நாமே தெருநாய்த் தொல்லை என்று பஞ்சாயத்தில் மனு கொடுக்கிறோம். அந்தத் தெருநாயைப் பெற்ற தாய் யார் வீட்டு நாய் என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

சட்டமும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. தன் பிராணியால் அடுத்தவருக்குக் கேடு வராமல் தடுக்க வேண்டிய கவனத்தை எடுக்காதவருக்கு, பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து செய்வதைவிட, அடுத்த வீட்டுப் பிள்ளையை நினைத்துச் செய்வது நல்லது.

கடைசியாக ஒன்று. இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும், நாய் வளர்க்கிற கணவனும் மனைவியும் மூன்று கேள்விகளை ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. நம் நாய்க்கு இந்த வருஷத்து ஊசி போட்டாச்சா?

2. நம் நாயால் தெருவில் யாராவது சுற்றிப் போகிறார்களா?

3. நம் நாய் யாரையாவது கடித்தால், மறைக்காமல் அந்த வீட்டு வாசலில் போய் நாமே சொல்வோமா?

முதல் கேள்விக்கு "இல்லை" என்றால், நாளைக் காலையில் கால்நடை மருந்தகம். இரண்டாவதற்கு "ஆமாம்" என்றால், இன்று ராத்திரியே சங்கிலி. மூன்றாவதற்கு "ஆமாம்" என்று இருவரும் ஒரே குரலில் சொல்ல முடிந்தால்தான் உங்கள் வீட்டில் நாய் இருக்கலாம். உங்கள் நாய் உங்கள் வீட்டுக்குக் காவல் இருக்கட்டும். நீங்கள் உங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் காவல் இருங்கள்.