ரெண்டாவதோடு நின்றவனும் பழைய மாணவன்தான்

(பழைய மாணவர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வரலாறு எழுதுவது, அதற்குப் பழைய மாணவர்களின் நினைவுகளைத் திரட்டுவது என்று முடிவாகியிருக்கிறது. நல்ல காரியம். அதற்காக மலர்க்குழு அச்சடித்திருக்கிற படிவத்தைப் பார்த்தேன். பெயர், படித்த ஆண்டு, தற்போதைய பதவி, பள்ளியைப் பற்றி நான்கு வரி, ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. இதில் மூன்றாவது கட்டத்தைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

‘தற்போதைய பதவி.’ பதவி இல்லாதவன் இந்தக் கட்டத்தில் என்ன எழுதுவான்? செங்கல் சூளையில் இருக்கிறேன் என்று எழுதுவானா? எழுத மாட்டான். படிவத்தை நாலாக மடித்துக் கூரையில் செருகிவிட்டு வேலைக்குப் போய்விடுவான். கடைசியில் மலர் என்னவாக வரும்? ஒரு தாசில்தார், இரண்டு ஹெட்மாஸ்டர், ஒரு எல்.ஐ.சி. அதிகாரி, நாலைந்து போலீஸ்காரர். அவர்கள் வந்ததில் நமக்கெல்லாம் பெருமைதான். அவர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் அது பள்ளிக்கூடத்தின் வரலாறு ஆகாது. தப்பித்து மேலே வந்தவர்களின் பட்டியல், அவ்வளவுதான்.

நம் பள்ளிக்கூடங்கள் சும்மா வந்துவிடவில்லை. 1891இல் செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராக இருந்த டிரமென்ஹீர், நம் மக்கள் படும் பாட்டைப் பற்றி அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார். 1893இல் நம் பிள்ளைகளின் கல்விக்கென்று தனியாக அரசாணை வந்தது. 1894இல் ஆல்காட் அடையாறு பக்கத்தில் முதல் இலவசப் பள்ளியைத் திறந்தார். 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் கல்விப் பணியைத் தொடங்கினார். 1920ஐ ஒட்டி லேபர் டிபார்ட்மென்ட் வந்தது. அது சேரிகளில் திறந்த பள்ளிகளைத்தான் நம் கிழவர்கள் கடைசிவரைக்கும் ‘லேபர் ஸ்கூல்’ என்று சொன்னார்கள். 1949இல் அது அரிஜன நலத்துறை ஆயிற்று. பிறகு ஆதிதிராவிடர் நலத்துறை ஆயிற்று.

இதற்கெல்லாம் காகிதம் இருக்கிறது. ஆணை போட்டவன் எழுதி வைத்தான். ஆல்காட் 1902இல் புத்தகமே எழுதினார். அவருடைய பள்ளிகளில் வேலை பார்த்த வெள்ளைக்கார அம்மாள் ஒருவர், இவர்களுக்கு நாங்கள் எப்படிப் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம் என்று ஒரு புத்தகம் எழுதினார். சொல்லிக்கொடுத்தவர் எழுதியது இருக்கிறது. கற்றுக்கொண்ட பிள்ளைகள் என்ன நினைத்தார்கள், தரையில் உட்கார்ந்திருந்தபோது அவர்கள் கண்ணுக்கு எது தெரிந்தது என்று யார் கேட்டது?

நம்மில் பெரிய ஆளாக வந்தவர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். அதை எப்படி எழுதினார்கள் என்று பாருங்கள். ரெட்டமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் கோயமுத்தூர்ப் பள்ளியைப் பற்றிச் சொல்லுகிறார். சுமார் 400 பிள்ளைகளில் பத்துப் பேரைத் தவிர மற்றவரெல்லாம் பிராமணர். தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் யாரோடும் சேராமல் ஒதுங்கியே இருந்திருக்கிறார். அம்பேத்கர் ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ என்று எழுதி வைத்த குறிப்புகள் 1990இல் புத்தகமாக வந்தன. அதில் இருப்பது அவர் வாங்கிய பட்டங்கள் இல்லை. வகுப்பில் தனியாக உட்காருவதற்கு ஒரு சாக்கு, அந்தச் சாக்கையும் சாயந்திரம் வீட்டுக்கே சுமந்து போனது, பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் தண்ணீர், பியூன் இல்லாத நாளில் தண்ணீர் இல்லை. இதுதான் இருக்கிறது. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. அதிலும் தேங்காய் திருடினாள் என்று சுமத்தப்பட்ட பழி இருக்கிறது. இவ்வளவு உயரம் போனவர்களே பள்ளிக்கூடம் என்றதும் பட்ட அவமானத்தை மறைக்காமல் சொல்லியிருக்கும்போது, நம் மலர் மட்டும் ஏன் பரிசுக் கோப்பையாகவே இருக்க வேண்டும்?

நான் சில மாதமாக இந்த வேலையில் இருக்கிறேன். முதலில் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தோம். பழைய நோட்டு, ஓரமெல்லாம் செல்லரித்திருக்கிறது. அதில் யார் பெயருக்கு நேராகப் பார்த்தாலும் பிறந்த தேதி ஜூன் மாதம்தான். சேரியில் எல்லாப் பிள்ளைகளும் ஜூனிலேயே பிறந்துவிட்டதா? வாத்தியார் கையை உயர்த்தித் தலைக்கு மேலாகக் காதைத் தொடச் சொல்லுவார், தொட்டால் அஞ்சு வயசு, தொட்டதும் ஒரு தேதி. அவரவர் வீட்டில் கேட்டால் வேறு கணக்கு சொல்லுகிறார்கள். அம்பத்திரெண்டு புயலுக்கு முந்தின வருசம் என்கிறார் ஒருத்தர். வெண்மணி எரிஞ்சப்ப நான் மூணாங்கிளாசு என்கிறார் இன்னொருத்தர். 1968 டிசம்பர் 25இல் 44 பேரை எரித்த செய்தி வந்த மறுநாள், தன் அப்பன் தன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை, வீட்டை விட்டு வெளியிலேயே விடவில்லை என்கிறார். பதிவேட்டில் இது ‘ஆப்சென்ட்’. நம் வரலாற்றில் இது என்ன?

அதே நோட்டில் கடைசிக் கட்டம், பள்ளியை விட்டு நீங்கிய காரணம். பக்கம் பக்கமாக ஒரே வாசகம், ‘நீண்ட நாள் வரவில்லை’. நீக்கிய மாதங்களைத் தனியாகக் குறித்துக்கொண்டு வந்தோம். புரட்டாசி ஐப்பசியில் கொஞ்சம், தை மாசியில் கொஞ்சம். நெல் விளைகிற இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒன்று நடவு, இன்னொன்று அறுப்பு. பிள்ளைகள் வரவில்லை என்பதைப் பதிவேடு சொல்லிவிடும். யார் வரவிடவில்லை என்பதை அந்தப் பிள்ளைகள்தான் சொல்ல முடியும். அவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இந்தக் கூட்டத்துக்கு அவர்களில் ஒருத்தரும் அழைக்கப்படவில்லை.

நான் தேடிப் போனேன். ஒரு பெரியவர் சொன்னார்: “ரெண்டாவது படிக்கிறப்ப எங்கப்பா வாங்குன கடனுக்கு என்னெ பண்ணையில மாடு மேய்க்க உட்டுட்டாரு. மேய்க்கிற எடத்துலேர்ந்து பாத்தா பள்ளிக்கூடம் தெரியும். மணி அடிக்கிறது கேக்கும். ஒன்னுக்கு மணி, சோத்து மணி எல்லாம் எனக்குத் தெரியும்.” இவர் பழைய மாணவர் இல்லையா? வகுப்புக்குள் உட்கார்ந்திருந்த நம்மைவிட அந்த மணியை அதிகம் கவனித்துக் கேட்டவர் அவர்.

ஒரு அம்மா சொன்னது: “தம்பியத் தூக்கிக்கிட்டுத்தான் போவேன். அவன் அழுதா வெளிய போன்னுடுவாங்க. அவன் அழுவாத நாளு படிச்சேன்.” எத்தனை வகுப்பு படிச்சீங்கம்மா என்று கேட்டேன். அதெல்லாம் தெரியாது என்றார். ஆனால் அன்றைக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டு முழுசாக இன்றைக்கும் அவர் வாயில் இருக்கிறது. மலர்க்குழுவின் படிவத்தில் இந்த அம்மாவுக்கு இடமே இல்லை. படித்த ஆண்டும் தெரியாது, பதவியும் கிடையாது.

வாத்தியார்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். “பழசையெல்லாம் கிளறினா வாத்தியாருங்க குடும்பம் வருத்தப்படும்ப்பா” என்று ஒரு அண்ணன் சொல்லியிருக்கிறார். வருத்தம் வரத்தான் செய்யும். ஒரே வாத்தியாரைப் பற்றி எனக்கு இரண்டு விதமான நினைவு கிடைத்திருக்கிறது. சைக்கிளில் சொந்தத் தண்ணி மாட்டிக்கொண்டு வருவார், எத்தனை வருசமானாலும் நம் தெருவில் ஒரு வாய் தண்ணி குடித்ததில்லை என்கிறார்கள் சிலர். பரீட்சைப் பணம் கட்ட முடியாதவனுக்கு அவரே கட்டினார், ராந்தல் எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்து பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்தார் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் உண்மையாகத்தான் இருக்கும். இதில் ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை வெட்ட நமக்கு உரிமை கிடையாது. நன்றி சொல்லுகிற இடத்தில் நன்றி சொல்லுவோம். கணக்கு கேட்கிற இடத்தில் கேட்போம். நன்றிக்கு விலையாக வாயை மூடிக்கொள்ளச் சொன்னால் அதுவும் பண்ணையடிமைத்தனம்தான்.

ஏன் இப்போது இந்த அவசரம் என்று கேட்கலாம். 2023 பட்ஜெட்டில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உட்படத் துறைவாரியான பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு சேர்ப்பதாக அறிவித்தார்கள். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டினார்களே, அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளின் பெயரில் சாதி அடையாளம் இருக்கக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. 2025இல் விடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் மாற்றினார்கள்.

பெயரைப் பற்றி நம்மிடையே இரண்டு கருத்து உண்டு. இது புதுச் சண்டையும் இல்லை. ‘பஞ்சமர்’ என்ற பெயரை அயோத்திதாசப் பண்டிதர் ‘தமிழன்’ பத்திரிகையில் எதிர்த்து எழுதினார். ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயர் 1922இல் எம்.சி. ராஜா போன்றவர்கள் சட்டசபையில் கேட்டு வாங்கியது. கேட்டில் எழுதியிருக்கிற பெயரைப் பார்த்தே ஊர்க்காரன் தன் பிள்ளையை இங்கே சேர்க்க மறுக்கிறான் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். பெயர் மாறினால் அவன் மனசு மாறிவிடுமா என்பது வேறு கேள்வி. என் கவலை அதற்கும் அடுத்தது. பெயர்ப் பலகை மாறி, துறை மாறி, பிள்ளைகள் குறைவு என்று ஒரு நாள் பூட்டும் போட்டுவிட்டால், இந்த மனைக்கட்டு யாருக்காக விடப்பட்டது, பள்ளம் தூர்க்க மண் சுமந்தது எந்தத் தெருப் பெண்கள், முதல் கூரைக்குக் கீற்று கொடுத்தது யார் என்பதற்கு என்ன சாட்சி இருக்கும்? இந்தக் கிழவர்களும் கிழவிகளும்தான் சாட்சி. அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். படிவத்தைக் கைவிடுங்கள். ஆளை நேரில் பாருங்கள். “பள்ளிக்கூடத்தால என்ன நன்மை அடைஞ்சீங்க” என்று ஆரம்பித்தால் மேடைப்பேச்சுதான் வரும். எந்த இடத்தில் உட்கார்ந்தீங்க, தண்ணி எங்க குடிச்சீங்க, உங்க பேரை யார் வச்சது, வாத்தியார் என்ன சொல்லிக் கூப்பிட்டார், யார் கூட்டினது, யார் கக்கூஸ் கழுவினது, எந்த நாளோட நின்னீங்க, அன்னைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். பெண்களிடம் பெண்கள் போகட்டும். புருசனையும் மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டாம். செல்போனில் பதிவு செய்யுங்கள், பேசினவருக்கே திரும்பப் போட்டுக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னதை அச்சில் ஏற்றாதீர்கள். அந்தப் பண்ணை வீட்டு நிலத்தில் இன்னும் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பெயரை மறைத்துப் போடுங்கள். அவர்கள் பேசினது பேசினபடியே இருக்கட்டும். ‘அழுவாத நாளு’ என்பதை ‘அழாத நாட்களில்’ என்று திருத்துகிற புலவர் வேலை நமக்கு வேண்டாம். பதிவுகளை மூன்று பிரதி எடுத்து மூன்று இடத்தில் வையுங்கள். அதில் ஒன்று இந்தத் தெருவிலேயே இருக்க வேண்டும்.

பதிவேட்டில் ‘நீண்ட நாள் வரவில்லை’ என்று எழுதப்பட்ட பெயர்களைத் தெருவாரியாகப் பிரித்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை, தெருவுக்கு இரண்டு பேர் போதும். பட்டியல் இந்தப் பையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொண்டு போங்கள்.