நயவுரை மட்டும் போதாது
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஒரு நூலை எப்படி மதிப்பிடுவது என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

நம் பக்கத்து நூல் வெளியீட்டு விழாக்களில் மங்கள விளக்கேற்றல், முதற்பிரதி, பொன்னாடை எல்லாம் உண்டு. நயவுரையும் உண்டு. நூலின் சிறப்பை எடுத்துச் சொல்வது நயவுரை; அது வேண்டியதுதான். ஆனால் பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. "தோட்டத்துப் பிள்ளை இவ்வளவு எழுதியதே பெரிது" என்பது பாராட்டுப்போலத் தோன்றும். உண்மையில் அது இரக்கப்பட்டுப் போடும் புள்ளி. வளரவேண்டிய எழுத்தாளருக்கு அதனால் பயனில்லை.

நம் கொத்மலைப் பகுதியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். பூண்டுலோயா மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர். தேயிலைத் தோட்ட வாழ்வைப் பற்றிய அவருடைய நெடுங்கவிதை ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதைச் சக்தீ அ. பாலையா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். நம்மில் பலர் படித்தது அந்தத் தமிழைத்தான்.

இதை மதிப்பிட வருபவர் எவற்றைக் கேட்க வேண்டும்? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்மவர் பெரும்பாலோர் நாடற்றவரான பின்னணியில், கவிஞர் யாரை நோக்கிப் பேசுகிறார்? ஆங்கிலத்தை ஏன் தேர்ந்தார்? தமிழாக்கத்தில் எது கூடியது, எது குறைந்தது? கொழுந்து பறிக்கும் பெண் கவிதையில் தானே பேசுகிறாளா, பேசப்படுகிறாளா? இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்து, வரியைக் காட்டிப் பதில் சொல்வதுதான் திறனாய்வு. வரியைக் காட்டாத புகழ்ச்சியும் கண்டனமும் வெறும் அபிப்பிராயம்.

நூலை அது பிறந்த சமூகத்தோடு சேர்த்துப் பார்க்கப் பேராசிரியர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் நமக்குப் பழக்கினார்கள். அதோடு, சொல்லிய விதத்தையும் பார்க்க வேண்டும். துயரம் உண்மையாக இருந்தால் மட்டும் கதை நல்ல கதையாகிவிடாது.

ஆய்வு நூல்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். தெளிவத்தை ஜோசப் தேடித் தேடித் திரட்டி 'மலையகச் சிறுகதை வரலாறு' எழுதினார். அதைப் போன்ற நூலைப் படிக்கும்போது ஆதாரம் என்ன, எந்தக் காலம் விடுபட்டது, பெண் எழுத்தாளர்களுக்கு எவ்வளவு இடம் என்று பார்க்க வேண்டும். நாட்டார் பாடல் தொகுப்பானால் பாடியவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று கேட்க வேண்டும். தாலாட்டும் ஒப்பாரியும் நம் பாட்டிமாரின் சொத்து. பாடியவரின் பெயர் இல்லையென்றால் அந்தக் குறையை எழுதத்தான் வேண்டும்.

குறை சொன்னால் மனம் நோகுமே என்பீர்கள். ஆளை விட்டுவிட்டு எழுத்தைப் பற்றிப் பேசுங்கள். நிறையை முதலில் சொல்லுங்கள். குறைக்குச் சான்று காட்டுங்கள். நேர்மையாக எழுதியவர் அதை ஏற்பார்.

கொழுந்து மடுவத்தில் தராசு முள் சரியாக நிற்கிறதா என்று கண்வைத்துப் பார்த்த அம்மாமாரின் பிள்ளைகள் நாம். நிறுவை குறைந்தாலும் தவறு, கூடினாலும் தவறு என்பது நமக்குத் தெரியும்.

வெளிநாட்டிலும் உள்நாட்டிலும் இருக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு மலையக நூலை வாங்கிப் படியுங்கள். அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, நூலோடு சேர்த்து நம் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புங்கள். உயர்தரத்தில் தமிழ் படிக்கும் தங்கைமார் குறிப்புப் புத்தகத்தை மனனம் செய்வதை விட்டு, உங்களோடு உடன்பட்டும் முரண்பட்டும் எழுதப் பழகட்டும்.