மஜ்ஜை மாற்றிய பிறகு வரும் வயிற்றுப்போக்கு

ரத்தப் புற்றுநோய், தலசீமியா என்று மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்காக ஹைதராபாத் நிம்ஸ் போன்ற மருத்துவமனைகளுக்கு வருபவர்கள் பலர். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபின், ஒருநாள் வயிறு போகத் தொடங்குகிறது. 'வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். இங்கேதான் எனக்குக் கவலை.

காரணம் வைரஸாக இருக்கலாம். கொடையாளரின் மஜ்ஜையிலிருந்து வந்த அணுக்களே நோயாளியின் குடலைத் தாக்குவதாகவும் இருக்கலாம், ஜி.வி.எச்.டி. என்பது அதுதான். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், வைத்தியமோ நேர் எதிர். முன்னதற்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் குறைக்கப் பார்ப்பார்கள். பின்னதற்கு ஸ்டீராய்டு கொடுத்து இன்னும் அடக்க வேண்டும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே வரும். அதனால்தான் மலப் பரிசோதனையோடு நிறுத்தாமல், குழாய் விட்டுக் குடலிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் பார்க்கிறார்கள். சைட்டோமெகலோவைரஸ் என்ற வைரஸ் குடலில் புண் உண்டாக்கிக்கொண்டிருக்கும்போதே ரத்தப் பரிசோதனையில் தென்படாமல் போவதுண்டு. நம் நாட்டில் பெரியவர்களில் பெரும்பாலோர் உடலில் அது உறங்கிக் கிடக்கிறது.

சைட்டோமெகலோவைரஸுக்கு கான்சிக்ளோவிர் என்ற மருந்து உண்டு. ஆனால் அது வெள்ளணுக்களைக் குறைக்கும். புது மஜ்ஜை வேர்பிடிக்கும் நேரத்தில் இது சங்கடம். மாற்றாகத் தரும் ஃபாஸ்கார்னெட் சிறுநீரகத்தைப் பாதிக்கும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் இன்னொரு வைரஸான அடினோவைரஸுக்குத் தரும் சிடோஃபோவிரும் அப்படியே. நோரோவைரஸுக்கும் ரோட்டாவைரஸுக்கும் உறுதியான மருந்தே இல்லை. நீர்ச்சத்தும் ஊட்டமும் குறையாமல் காத்து, உடல் தேறும்வரை பொறுத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் நீள்வதும் உண்டு.

ரோட்டாவைரஸைத் தடுக்க ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் தயாரித்த ரோட்டாவேக் சொட்டு மருந்து 2015இல் அறிமுகமானது. 6, 10, 14ஆம் வாரங்களில் ஐந்தைந்து சொட்டு. உயிருள்ள வைரஸ் கொண்டது, நோயாளிக்கு உரியதல்ல. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதற்குத் தவறாமல் போடுங்கள். சொட்டு விட்ட நான்கு வாரம்வரை குழந்தையின் மலத்துணியை நோயாளி மாற்ற வேண்டாம், வேறொருவர் மாற்றட்டும்.

கைகழுவ சானிடைசரை மட்டும் நம்பாதீர்கள், நோரோவைரஸ் அதற்கு எளிதில் சாவதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். மஜ்ஜை மாற்றியவருக்கு வயிறு போனால், மருந்துக்கடையில் மாத்திரை கேட்டு வாங்கி நிறுத்தப் பார்க்காதீர்கள். அன்றைக்கே உங்கள் மாற்றுச் சிகிச்சை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.