காவிரிக்காகக் கைகோத்த ராணி



இந்தப் பந்திங் மண்டபத்தில் திருச்சிக்குப் போய் வந்தவர்கள் கொஞ்சம் கை தூக்குங்கள். அடேயப்பா, பாதி மண்டபம்! மலைக்கோட்டை ஏறிப் பிள்ளையாரைக் கும்பிட்டோம், என்.எஸ்.பி. ரோட்டில் சேலை எடுத்தோம், விமானம் ஏறிவிட்டோம். அதே கோட்டைப் பகுதியில் ராணி மங்கம்மாள் மகால் இருக்கிறது. இன்று அது அரசு அருங்காட்சியகம். அதற்குள் நுழைந்தவர்கள் யார்? இப்போது ஒரு கையையும் காணோம்.

யார் இந்த மங்கம்மாள்? அவர் கணவர், மதுரையை ஆண்ட சொக்கநாத நாயக்கர், 1682-இல் காலமானார். 1689-இல் மகனை அம்மை கொண்டுபோனது. நிறைமாத மருமகளும் பிள்ளையைப் பெற்றுக் கொடுத்துவிட்டுக் கண்மூடினாள். மிஞ்சியது தொட்டிலில் ஒரு பேரன். அவனுக்கு முடிசூட்டிவிட்டு, அவன் பெயரால் 1706 வரை மதுரை நாட்டை ஆண்டவர் இந்தப் பாட்டி.

வடக்கே ஔரங்கசீப்பின் படை நிற்கிறது. மங்கம்மாள் திறை கட்டினார். ரோஷம் இல்லையா என்று நம் இளைஞர்கள் கேட்பார்கள். தம்பி, கேள். மொகலாயத் தளபதி சுல்பிகர் அலிகானுக்குப் பரிசுகளை அனுப்பி, தஞ்சாவூர்க்காரர்கள் பிடித்து வைத்திருந்த ஊர்களை அவரைக் கொண்டே மீட்டார். தன் வீரர்களைக் களத்தில் சாகக் கொடுக்காமல் அந்த ஊர்களைத் திரும்பப் பெற்றார். என்னைப் பொறுத்தவரை இதுதான் ஆட்சி.

அதற்காக வாளே எடுக்காதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய படைத்தலைவர், தளவாய் நரசப்பையா, திருவிதாங்கூர் மீதும் படையெடுத்துப் போனார், தஞ்சாவூரையும் முறியடித்தார். அந்தத் தஞ்சைப் போரின் சூடு ஆறும் முன்னே வந்தது காவிரிச் சிக்கல். மைசூர் சிக்கதேவராயர் ஆற்றை மறித்து அணை கட்டினார். தண்ணீர் வரத்து நின்றது. இங்கே குழாயில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் நாம் வாளியோடு என்ன பாடு படுகிறோம்! அங்கே நின்றது நாற்றங்காலுக்கான தண்ணீர். நேற்றுவரை சண்டையிட்ட தஞ்சையோடு மங்கம்மாள் கைகோத்தார். கூட்டுப்படை தயாரானது. அதற்குள் மேற்கே மழை கொட்டியது, அணை உடைந்தது, சண்டைக்கே வேலையில்லாமல் போயிற்று. மழை பெய்தது அதிர்ஷ்டம். ஆனால் பகையை ஒதுக்கி வைத்தது அவர் எடுத்த முடிவு.

சாலை போட்டார், சத்திரம் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் மங்கம்மாள் சத்திரம் என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.  

குறையும் சொல்லியாக வேண்டும். 1702-இல் இராமநாதபுரம் கிழவன் சேதுபதியிடம் மதுரைப் படை தோற்றது. எப்போது பணிவது, எப்போது பேசுவது என்று அறிந்தவர் அந்த ஒரு முறை கணக்குத் தப்பினார். கடைசிக் காலத்தில் பேரன் தரப்பார் அவரைச் சிறை வைத்துப் பட்டினி போட்டார்கள் என்று மதுரைப் பக்கம் பரம்பரையாகச் சொல்கிறார்கள். பேரன் விஜயரங்க சொக்கநாதர் கோயில்களுக்கு வாரிக் கொடுத்தார், நாட்டைப் பார்க்கவில்லை. 1732-இல் அவரும் பிள்ளையில்லாமல் போக, மறுபடியும் ஒரு பெண்தான் வந்தார், அவர் மனைவி மீனாட்சி. ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிபின் சத்தியத்தை நம்பி அவர் ஏமாந்த கதைக்குத் தனியாக ஒரு மாலை வேண்டும். அவைத் தலைவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். அழைத்தால் அதற்கும் வருகிறேன்.